அளந்து விட்ட தண்ணி

சங்கத்துல சேர்றதுக்கு நீங்க தந்த படிவத்துல, 'ஓர்க்கிட் வளர்க்க விரும்புவதற்கான காரணம்' எண்டு ஒரு கேள்வி இருந்தது. டீச்சருக்கு ஞாபகம் இரிக்குமோ தெரியா. மற்ற ஆக்கள் அதுல மன அமைதி, இயற்கை அழகு, இறைவன்ட படைப்பு எண்டெல்லாம் நாலு வரி எழுதியிருப்பாங்க. நான் 'பொழுது போக' எண்டு ரெண்டு சொல்லுத்தான் எழுதினன். அதுல பொய் ஒண்டும் இல்ல. பென்சன் எடுத்த மனிசனுக்குப் பொழுதுதானே பெரிய பாரம்.

மகள் ஆகிலா வச்சிட்டுப் போன பிளேன்டி ஆறுது, குடிங்க. அவ பின்னுக்குத் தண்ணி ஊத்துறா. அஸர் தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம் அவக்கு அங்கதான் வேலை. குழாய்ச் சத்தம் கேக்குதுதானே. அந்தச் சத்தம் இரிக்கிற வரைக்கும் இஞ்ச கதைக்கிறது அங்க கேளாது. ஆறுதலாக் கதைப்பம்.

மேசையில ரெண்டு சாமான் வச்சிரிக்கீங்க. ஒண்டு, போன மாசம் செடி மாத்துற கூட்டத்துல நீங்க என்னட்ட எடுத்த டென்ட்றோபியம் ஓர்க்கிட்டுல குத்தியிருந்த பெயர்த் தகடு. ஐஸ்கிறீம் பெட்டிய வெட்டி நான் செய்யிற வெள்ளைத் தகடு. மற்றது ஒரு மொட்டைக் கடதாசி. பதினொரு வருசத்துக்கு முதல், ஒங்கட கூடப் பிறந்த லாத்தாட மகன் றிஸ்மிய எங்கட ஆகிலாக்கு மாப்பிள்ளை கேட்டு, எல்லாம் சரிவந்து, நாள் வைக்கிற நேரத்துல லாத்தா வீட்டுக்கு வந்த கடதாசி. பொண்ணுக்கு வலிப்பு இரிக்கு, பதினெட்டு வயசிலருந்து மருந்து குடிக்கிறா, விசாரிச்சுப் பார்க்கவும் எண்டு மூணு வரி. 'ஜெமீல் காக்கா, இது ரெண்டும் ஒரே கையா?' எண்டு கேக்குறீங்க.

ஓம் டீச்சர். ஒரே கைதான். என்ட கை.

ஆகிலாக்கு வலிப்பும் இல்ல, ஒண்டும் இல்ல. காய்ச்சல் தடிமலுக்கே மருந்து குடிக்காத புள்ள அவ.

நீங்க கண்டுபிடிச்ச விதத்த நான் மெச்சுறன். எழுத்தச் சரிச்சு, வேற மாதிரி மாத்தித்தான் எழுதினன். ஆனா பென்சிலால எழுதிப் போட்டன். மொட்டைக் கடதாசி எழுதுற உலகத்து ஆக்களெல்லாம் பேனையால எழுதுவாங்க, நான் மட்டும் பென்சில எடுத்தன். நம்மட தலைவர் கனகரெத்தினம் மாஸ்டர் முதல் கூட்டத்துலயே சொல்லித் தந்தாரே, பேனை மை ஆறு மாச வெயிலுக்கு நிக்காது, பென்சில் பத்து வருசத்துக்கும் அழியாது எண்டு. அது கையில ஊறிப் போச்சு. கீழ ஒரு சின்னக் கோடு போட்டு, செடி மாத்தி வச்ச நாள எழுதுற மாதிரித் தேதியும் வச்சிட்டன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டு காம்ப வெளிய விட்ட கதை.

நீங்க கேட்டது இந்த ஒரு கடதாசியப் பத்தி. ஆனா நான் முப்பத்திரண்டு வருசம் நீர்ப்பாசனத்துல இருந்த ஆள். எந்த வயல் வட்டைக்கு எத்தின மணித்தியாலம் தண்ணி எண்டு அளந்து விடுறதுதான் என்ட தொழில். மதகப் பாதி திறந்தா வாய்க்கால் உடையும், அது அனுபவம். திறந்தா முழுசாத் திறக்கணும். அதனால முழுசாச் சொல்றன்.

நம்மட பக்கத்து வழமை ஒங்களுக்குத் தெரியாததில்ல. வீடு பொண்ணுக்குத்தான். கலியாணம் எண்டா மாப்பிள்ளைதான் பொண்ணுட வீட்டுக்கு வாறது. அப்ப ஆம்பிளைக்கு எது வீடு? சின்னதுல உம்மாட வீடு, பிறகு பொஞ்சாதிட வீடு, கிழடாப் போனா மகள்ர வீடு. எங்க போனாலும் விருந்தாளிதான். நான் இந்த வீட்டுக்கு ஒரு சூட்கேசோட வந்த ஆள். இது என்ட பொஞ்சாதி ஸைனம்புட வாப்பா கட்டிக் குடுத்த வீடு. சுவருல ஒரு ஆணி அடிக்கிற எண்டாலும் நான் அவட்டக் கேட்டுத்தான் அடிப்பன். அவ ஒருக்காலும் வேணாம் எண்டு சொன்னதில்ல, அது வேற கதை. கேக்க வேண்டியிருந்தது, அதத்தான் சொல்றன்.

கடல் பொங்கின அண்டைக்கு ஸைனம்பு கரையோரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. திரும்பி வரல்ல. அல்லாஹ் அவக்குச் சுவர்க்கத்தக் குடுக்கட்டும். வீடு தப்பிச்சது. அண்டையிலருந்து இது ஆகிலாட வீடு. அப்ப அவக்குப் பதிமூணு வயசு. நான் பதிமூணு வயசுப் புள்ளைட வீட்டுல விருந்தாளியா இருந்தன்.

பென்சன் எடுத்த கையோட நான் சங்கத்துல சேர்ந்தன். சேர்ற ஆளுக்குப் பழைய ஆக்கள் ஒவ்வொருத்தரும் ஒரு செடிக் கண்டு குடுக்கிறது சங்கத்து முறைதானே. பதினேழு பேர் இருந்தீங்க, பதினேழு கண்டோட வீட்டுக்கு வந்தன். ஒங்கட கண்டு வெள்ளை வண்டா ஓர்க்கிட், இப்பவும் அந்த ஜன்னலுக்கு வெளியதான் தொங்குது. பின் வளவுல இரும்புக் குழாய் நட்டு, நிழல் வலை இழுத்து, ஒரு கொட்டில் போட்டன். டீச்சர், ஒரு விசயம் சொல்றன், சிரிக்காதீங்க. அந்தக் கொட்டில்தான் இந்த வளவுல நான் யாரிட்டயும் கேக்காமக் கட்டின முதல் சாமான். கட்டி முடிச்சிட்டு உள்ளுக்குக் கதிரையப் போட்டு இருந்தன். அம்பத்தெட்டு வயசுல எனக்கு ஒரு வீடு கிடைச்சிட்டு எண்டு நினைச்சன். கண்ணால தண்ணி வந்தது.

அடுத்த வருசம் ஒங்கட ஆக்கள் வீடு பார்க்க வந்தாங்க. ஒங்கட லாத்தாட மாப்பிள்ளை, றிஸ்மிட வாப்பா, நல்ல மனிசன், அவருல நான் குத்தம் சொல்லமாட்டன். மாப்பிள்ளை பகுதி வீட்ட அளந்து பார்க்கிறது ஊர் வழமைதான். அவர் கொட்டிலுக்குள்ள நிண்டு காலடியால அளந்தார். 'இதக் கழட்டிப்போட்டா றிஸ்மிட வேன் நிப்பாட்ட ஒரு கராஜ் போடலாம் மச்சான்' எண்டார். நான் 'ஓம், போடலாம்தான்' எண்டன். அவர் வண்டாட வேருல தலை முட்டி, கையால அத ஒதுக்கி விட்டார். ஒரு வேர் முறிஞ்சிது. அவருக்கு அது தெரியவும் இல்ல.

அடுத்த நாள் லுஹர் தொழுதிட்டு வந்து இந்த மேசையிலதான் எழுதினன்.

ஒங்கட ஆக்கள் மரியாதையான ஆக்கள். வலிப்புக் கதைய வாயால எடுக்கல்ல. 'அல்லாஹ்ட்ட வழி கேட்டு இஸ்திகாரா தொழுது பார்த்தம், மனசுக்குச் சரியா வரல்ல' எண்டு சொல்லி அனுப்பினாங்க. ஆகிலாவும் 'அல்லாஹ்ட நாட்டம் வாப்பா' எண்டிட்டுக் குசினிக்குள்ள போனா. எனக்கு நெஞ்சுக்குள்ள கொஞ்சம் வலிச்சது. இல்ல எண்டு சொன்னா அது பொய். ஆனா ஒரு வேர் முறிஞ்ச இடத்துல வேற வேர் வரும், இவக்கும் வரும் எண்டு நினைச்சன்.

ரெண்டாவது அக்கரைப்பற்று மாப்பிள்ளை, வாத்தியார். அதுக்கும் ஒரு கடதாசி எழுதினன், அதே வலிப்புத்தான். புதுசா ஒண்டச் சொல்லி என்ட புள்ளைட மானத்துல கை வைக்க எனக்கு விருப்பம் இல்ல. மூணாவது சம்மாந்துறை. அதுக்குக் கடதாசி தேவைப்படல்ல. ஊரே கதைக்கத் தொடங்கிட்டு. ஊர் வாய மூட உலைமூடி இரிக்கா? சந்தைக்குள்ள ஒருத்தன் 'வலிப்புக்காரிட வாப்பா' எண்டு சொன்னதக் கேட்டு நான் அவன்ட சேட்டப் புடிச்சு அடிக்கப் போயிட்டன். ஆக்கள் விலக்கி விட்டாங்க. அண்டைக்கு எனக்கு வந்த கோவம் மெய்க் கோவம் டீச்சர். என்ட மகளப் பத்தி அப்படிச் சொல்ல அவனுக்கு என்ன உரித்து இரிக்கு?

ஆகிலா பாலர் பாடசாலையில படிப்பிச்சாவே, அத ஏன் உட்டா எண்டு நீங்க ஒருக்காக் கேட்டீங்க, செடிகளைப் பார்க்க ஆள் இல்ல எண்டு நான் சொன்னன். நடந்தது வேற. வலிப்பு இரிக்கிற ஆளிட்ட எப்படிப் புள்ளையள உடுறது எண்டு தாய்மார் கதைச்சிருக்காங்க. நடத்துற அம்மணி இவவக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்க எண்டிருக்கா. கொஞ்ச நாள் எண்டது இப்ப ஏழு வருசம். அதுக்குப் பிறகு அவ முழு நாளும் வீட்டுலதான். செடிகளுக்கு அது நல்லதாப் போச்சு. என்ட கை அப்பவே நடுங்கத் தொடங்கிட்டு. கரியும் தேங்காய் மட்டையும் போட்டுக் கட்டுறது, அரிசி கழுவின தண்ணி விடுறது, அழுகின வேர வெட்டுறது எல்லாம் அவட கைதான். கண்காட்சியில மூணு வருசம் வரிசையாக் கிண்ணம் எடுத்தமே, நீங்கதான் என்ட பேரக் கூப்பிட்டுத் தந்தீங்க, அந்த மூணும் அவட கை. அவக்குக் கை விசேசம் இரிக்கு. அளவுதான் தெரியா. அதால தண்ணி ஊத்தும்போது மட்டும் போதுமான அளவு சொல்ல நான் இந்த ஜன்னலடியில இருப்பன். 'காணுமா வாப்பா?' எண்டு கேப்பா. 'காணும் மகள்' எண்டு நான் சொன்ன பிறகுதான் குழாயப் பூட்டுவா. ஒரு நாளும் அது தப்பாது.

ரெண்டு வருசத்துக்கு முதல், கச்சான் காத்து நெருப்பா அடிச்ச மாசம். செடியெல்லாம் சுருண்டிட்டு. கொட்டிலுக்கு மேலால தண்ணி தூவுற குழாய் போட்டா நல்லம் எண்டு கனகரெத்தினம் மாஸ்டர்தான் ஒரு பொடியன அனுப்பினார். றினாஸ். வரிப்பத்தான்சேனைப் பொடியன், மோட்டர் பம்பு வேலை. உம்மாவும் இல்ல, வாப்பாவும் இல்ல, கூடப் பிறந்த ஆக்களும் இல்ல. நாலு நாள் வேலைக்கு வந்தவன் பன்னிரண்டு நாள் செஞ்சான். நான் கண்ணால கண்டன், காணாத மாதிரி இருந்தன். ஒரு நாள் ஆகிலா கொட்டிலுக்குள்ள சிரிச்ச சத்தம் கேட்டிச்சு. அவட சிரிப்பு ஸைனம்புட சிரிப்பு மாதிரி எண்டது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் நான் அதக் கேட்டிருக்கல்லப் போல.

பதிமூணாம் நாள் அவன் கழுவின சேட்டப் போட்டுக்கிட்டு இந்தக் கதிரையில வந்திருந்து கேட்டான். 'எனக்கு ஊடும் வேணாம், வளவும் வேணாம். வாப்பாட கல்லூடு ஒண்டு ஊருல இரிக்கு. ஆகிலாவத் தாங்க, அது காணும்' எண்டான். ஊர்க் கதையெல்லாம் தெரியுமா எண்டு கேட்டன். 'வலிப்பு இருந்தாலும் பரவாயில்ல. நான் பார்த்துக்குவன்' எண்டான். நான் 'பொம்புளப் புள்ள பிறந்த ஊட்ட உட்டுப் போற வழமை நம்மட்ட இல்லையே மகன்' எண்டன். அவன் சிரிச்சிட்டு, 'வழமைய நாமதானே காக்கா உண்டாக்கின' எண்டான்.

யோசிச்சுச் சொல்றன் எண்டன். பிளேன்டி குடிக்கும்போது அவன் சும்மா ஒரு கதை சொன்னான். யுத்தக் குழப்ப காலத்துல அவன் கைப்புள்ள. உள்ளுக்கு இரிக்கிற ஊர்ச் சனம் கரைக்கு ஓடி வந்து பள்ளிக்கூடங்கள்ல கிடந்ததே, அப்ப அவன்ட உம்மா அவனத் தூக்கிக்கிட்டு வந்து, நம்மட தெருவுக்கு அங்கால இரிக்கிற பள்ளிக்கூடத்துலதான் நாப்பது நாள் இருந்தவவாம். வாப்பா சொல்லுவாராம். அப்ப ஆகிலாவும் கைப்புள்ளதான். ரெண்டு பேருக்கும் ரெண்டு மாசந்தான் வித்தியாசம். ஸைனம்பு அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சோத்துப் பார்சல் கொண்டு போனது மெய். ஆகிலாவ இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் போவா.

டீச்சருக்கு விளங்கிட்டுப் போல. முகம் மாறுது. இருங்க, எழும்பாதீங்க. முழுசாச் சொன்னாத்தான் சரி.

மூணு நாள் யோசிச்சன். நாலாம் நாள் றஸாக் மௌலவியத் தேடிப் போனன். விடிய ஸுபஹுக்குப் பிறகு பள்ளியில அவர் தனிய இருப்பார். அழுதன். அந்த அழுகை நடிப்பில்ல, எனக்கு மெய்யாவே பயமா இருந்தது. 'மௌலவி, ஒரு விசயம் நெஞ்சுக்குள்ள கிடக்கு. இந்தப் பொடியன்ட உம்மாக்கு அந்த நேரம் பால் வத்திட்டு. ஸைனம்பு ஆகிலாவோட சேர்த்து அவனுக்கும் பால் குடுத்தவ' எண்டன்.

அவர் கேட்டார், 'எத்தின தரம் காக்கா?'

'அஞ்சு' எண்டன். அஞ்சு தரம் வயிறு நிறையக் குடிச்சாத்தான் பால் உறவு, பிறகு ரெண்டு புள்ளையும் கூடப் பிறந்த மாதிரி, கலியாணம் கூடாது. மதறஸாவுல ஓதினது அம்பது வருசத்துக்குப் பிறகு உதவிச்சு.

'அல்லாஹ்வுக்காகச் சொல்றீங்களா?'

'ஓம்' எண்டன்.

அவர் பேணுதலான மனிசன். 'ஒங்கட ஒரு ஆள்ர சொல்லால இது சட்டப்படி உறுதியாகாது. ஆனா சொல்லப்பட்டுப் போச்சே. இனி ஒண்டு சேர்ந்தா காலத்துக்கும் அந்தச் சந்தேகம் நடுவுல படுத்துக் கிடக்கும். விலகுறதுதான் நல்லம்' எண்டார். றினாஸுக்கு அவரேதான் சொன்னார். ரெண்டு தாய்மாரும் மவுத்து. இல்ல எண்டு சொல்ல ஒத்தரும் மிச்சம் இல்ல.

ஆகிலாக்கு நான் சொன்னன். இந்தக் கதவடியில நிண்டு கேட்டா. அழல்ல. 'உம்மா ஏன் என்னட்ட ஒருக்காலும் சொல்லல்ல?' எண்டு மட்டும் கேட்டா. 'நீங்க சின்னப்புள்ள மகள்' எண்டன். தலைய ஆட்டிட்டுக் கொட்டிலுக்குப் போனா. அண்டைக்கு மூணு தரம் தண்ணி ஊத்தினா. காலையில, லுஹருக்குப் பிறகு, அஸருக்குப் பிறகு. காணும் காணும் எண்டு நான் சொன்னது காதுல ஏறல்ல. அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு கிழமைக்குள்ள ஒம்பது செடி அழுகிப் போச்சு. ஓர்க்கிட் காய்ஞ்சு சாகிறது குறைவு டீச்சர், தண்ணி கூடித்தான் சாகும். நான் ஒரு சொல்லு ஏசல்ல. அவட மனசு எனக்கு விளங்கும்.

அஞ்சு தரமும் இல்ல, ஒரு தரமும் இல்ல. ஸைனம்பு அந்தப் பொம்புளைய ஒருக்காலாவது கண்டாவோ எண்டது கூட எனக்குத் தெரியா.

நீங்க கேக்கப் போற கேள்வி எனக்குத் தெரியும். றிஸ்மிட வாப்பா கொட்டிலக் கழட்டச் சொன்னார், சரி. வீடே வேணாம் எண்டு வந்தவன என்னத்துக்கு விரட்டின? கொட்டில் கிடந்தபடி கிடந்திருக்கும், வீடும் உனக்குத்தான் மிஞ்சியிருக்கும் எண்டு கேப்பீங்க. நானும் இதப் பத்தி நிறைய யோசிச்ச ஆள்தான். வீடு இருக்கும், கொட்டில் இருக்கும், ஓம். ஆர் தண்ணி ஊத்துறது?

அதுக்காக மட்டும் எண்டு நினைச்சிராதீங்க. வரிப்பத்தான்சேனை வெக்கை இவக்குத் தாங்காது. கடக்காத்துல வளர்ந்த புள்ள. தாய்ச்செடியிலருந்து கண்டப் பிரிக்க அவசரப்படாதீங்க, மூணு வேர் வரட்டும், ஒவ்வொண்டும் மூணு விரல் நீளம் வரட்டும் எண்டு மாஸ்டர் சொல்லுவார். இவக்கு உம்மா இல்லாத வேர். நான் பொறுமையா இருந்தன், அவ்வளவுதான். இப்ப முப்பத்திநாலு வயசு. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

ஒரு நன்மையும் நடந்திச்சு, அதையும் சொல்லணும். றினாஸ் உறவ முறிக்கல்ல. பால் உறவு எண்டா அவனுக்கு நான் வாப்பா, ஆகிலா தங்கச்சி. ஆருமில்லாத பொடியன், அத அப்படியே பிடிச்சுக்கிட்டான். பெருநாளைக்குப் பெருநாள் வாறான், என்ன வாப்பா எண்டு கூப்பிடுறான், மோட்டர் பழுதானா வந்து பார்க்கிறான். ஆகிலாவும் அவன கூடப் பிறந்த மூத்தவன் மாதிரி 'காக்கா' எண்டு கூப்பிடுறா. முதல் தரம் அப்படிக் கூப்பிட்டபோது கையில இருந்த பிளேன்டிக் கோப்பைய விட்டிட்டா. இப்ப பழகிட்டு. கூடப் பிறந்த மாதிரித்தானே, முக்காடு தேவல்ல மகள் எண்டு நானே சொல்லிட்டன். ஆனாலும் அவன்ட பைக் சத்தம் கேட்டா முக்காட்ட இழுத்து விடுறா. பழக்கம் போகல்லப் போல. அவன் போட்ட தூவல் குழாயையும் அவ ஒரு நாளும் திறக்கிறதில்ல. கையால ஊத்துறதுதான் செடிக்கு நல்லமாம்.

ஞாயிற்றுக்கிழமை றினாஸுக்குக் கலியாணம். ஒங்களுக்கும் கார்ட் வந்திருக்கும். இறக்காமத்துல பொண்ணு, நல்ல குடும்பம். அவனுக்கு லாத்தா தங்கச்சி இல்லையே, பொண்ணுக்குக் கூறை கொண்டு போறதுக்கு ஆகிலாவத்தான் கேட்டிருக்கான். தங்கச்சிட வேலைதானே. இவ ஒரு மாசமாக் கூறைக்குக் கரை தைக்கிறா. பொண்ணுட கையில குடுக்கிற பூச்செண்டும் இவதான் கட்டப் போறா, நம்மட வெள்ளை வண்டாவுல, நீங்க தந்த கண்டுல. எட்டு மொட்டு இரிக்கு. சரியா ஞாயிறு விரியும் எண்டு விரல் விட்டுப் பார்த்துச் சொன்னா.

நீங்க றினாஸுக்கு இண்டைக்கே சொல்லணும் எண்டுறீங்க. ஞாயிறுக்கு இன்னும் மூணு நாள் இரிக்கு எண்டுறீங்க. கொஞ்சம் மெல்லக் கதைங்க டீச்சர். ஒங்கட கோவம் எனக்கு விளங்குது. ஆனா அந்த இறக்காமத்துப் புள்ளையையும் யோசிக்கணும். நாள் குறிச்ச பிறகு ஒரு பொண்ணுட கலியாணத்தக் குழப்புறது எவ்வளவு பெரிய பாவம் எண்டு ஒங்களுக்குத் தெரியாதா?

என்னையும் யோசிங்க. பதினொரு வருசமா இதுக்குள்ள அடைபட்டுக் கிடக்கிறது நான்தான். பள்ளிக்குப் போனா றஸாக் மௌலவிட முகம், பெருநாள் வந்தா றினாஸ்ட முகம், கூட்டத்துக்கு வந்தா ஒங்கட முகம். கதவு திறந்துதான் கிடக்கு, ஆனா எங்க போறது? ஆகிலாக்கு இதொண்டும் தெரியா. தெரியாத மனசு நிம்மதியான மனசு. இந்த வீட்டுல நிம்மதியா இரிக்கிற ஒரே ஆள் அவதான், அந்த நிம்மதிய நான்தான் அவக்குக் காவல் காத்து வச்சிரிக்கன்.

ஒங்களுக்குச் சொன்னதுல எனக்கு நெஞ்சு இறங்கிட்டு. அது காணும். அவக்குச் சொல்லத்தான் வேணும் எண்டா ஞாயிறு போகட்டும். இப்ப காதுல போட்டா மனசு குழம்பும், குழம்பினா அவக்குக் கையில அளவு நிக்காது. மொட்டு விரியிற நேரத்துல தண்ணி கூடினா எட்டும் கொட்டிப் போகும். அவட நன்மைக்குத்தான் சொல்றன்.

இப்பவும் பாருங்க. அரை மணித்தியாலம் எப்பவோ முடிஞ்சிட்டு. நேரத்தோட 'காணுமா வாப்பா' எண்டு கேக்கிற புள்ள, இண்டைக்குக் கேக்கல்ல. தண்ணி இவ்வளவு நேரமும் ஒரே இடத்துலதான் விழுது, குழாய அசைக்கிற சத்தமே இல்ல. இந்த ஜன்னலுக்கு நேராத்தான் விழுது போல. அது வண்டாட இடம். வேர் அழுகிப் போயிரும்.

ஆகிலா. காணும் மகள். குழாயப் பூட்டுங்க.

ஆகிலா.

பார்த்தீங்களா டீச்சர், நான் இவ்வளவு உரத்துக் கூப்பிடுறதே அவக்குக் கேக்கல்ல. நான் முதலே சொன்னன்தானே, தண்ணிச் சத்தத்துல அங்க ஒண்டும் கேளாது.